குதிரையின் நடையும் பிள்ளையின் இடுப்பும்: மலையகத்துத் தாயொருவரின் கேள்விக்கு விரிவான பதில்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஆறு வயது மகனுக்குப் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைப்படும் நிலை). இரண்டு கால்களும் விறைத்திருக்கின்றன. தூக்கி நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கையை ஊன்றாமல் அவனால் சில நொடிகளுக்கு மேல் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளிநாடுகளில் குதிரைமேல் ஏற்றிச் சிகிச்சை அளிக்கும் காணொளியொன்றை அவர் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார். நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் குதிரைச் சவாரி நடக்கிறதே, வாரத்தில் ஒரு நாள் மகனை அங்கே கூட்டிச்சென்று ஏற்றினால் இடுப்புக்குப் பலம் வருமா, அவன் நடப்பானா என்பதே அவருடைய கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளியில் நீங்கள் பார்த்தது உண்மையான சிகிச்சைதான். உட்காரும் சமநிலையில் அது பலன் தருவதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. ஆனால் அங்கே வேலை செய்வது சவாரி அன்று. பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் குதிரையின் நடையைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துப் பிள்ளையின் உடலுக்குள் செலுத்துகிறார், அதுதான் சிகிச்சை. வாவிக்கரைச் சவாரியில் இது கிடைக்காது. இடுப்பு மூட்டின் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்க்காத ஒரு பிள்ளையை அப்படி ஏற்றுவது ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே தயவுசெய்து இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஏன் என்பதையும், குதிரை இல்லாமலே இன்று வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் விளக்குகிறேன்.

நாம் நடக்கும்போது காலைத்தான் கவனிக்கிறோம். ஆனால் நடையின் நடுமையம் இடுப்பு எலும்பு வளையம். ஒவ்வோர் அடிக்கும் அது சிறிதளவு முன்னும் பின்னும் சாய்கிறது, பக்கவாட்டில் ஒரு புறம் தாழ்ந்து மறுபுறம் உயர்கிறது, செங்குத்து அச்சைச் சுற்றிச் சற்றே திரும்புகிறது. இந்த மூன்று அசைவுகளும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று இசைந்து நிகழ்கின்றன. குதிரை நிதானமாக நடக்கும்போது அதன் முதுகிலும் இதே மூன்று அசைவுகள் உண்டாகின்றன. பின்னங்கால் ஒன்று முன்னே வரும்போது அந்தப் பக்கத்து முதுகு தாழ்ந்து திரும்புகிறது; மேலே கால்பரப்பி உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் அதனுடன் சேர்ந்து தாழ்ந்து திரும்புகிறது. குதிரையின் சாதாரண நடை நான்கு தாள நடை. எப்போதும் ஏதாவதொரு குளம்பு நிலத்தில் ஊன்றியிருக்கும், உடல் முழுவதும் காற்றில் எழும் கணம் அதில் இல்லை. ஓட்டத்தில் அந்தக் கணம் இருக்கிறது. அதனால்தான் ஓட்டம் மேலிருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சிகிச்சைக்கு நடை மட்டுமே பயன்படுத்தப்படுவதற்கு முதற்காரணம் இது.

நடக்கும் குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவைகள் இந்த அசைவைக் கொடுக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் இயல்பாக நடக்கும்போது வைக்கும் அடிகளின் எண்ணிக்கைக்கு இது நெருக்கமானது. பத்து நிமிடத்தில் ஆயிரம் அசைவுகள்! மருத்துவ அறையில் ஒரு பிள்ளையின் இடுப்பைக் கையால் பிடித்து, மூன்று திசைகளிலும், ஒரே சீராக, இத்தனை முறை அசைக்க எந்த இயன்மருத்துவராலும் இயலாது. ஒருபோதும் நடந்திராத பிள்ளையின் இடுப்பும் முதுகெலும்பும், காலின்மீது உடற்பாரம் ஏறாமலே, நடையின் அசைவை இங்கே அனுபவிக்கின்றன. பிள்ளை அதைச் சும்மா வாங்கிக்கொண்டிருப்பதும் இல்லை. கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலைப்பாதையில் ஏறும் பெண்ணின் உடல், அடிக்கு அடி தன்னையறியாமலே சாய்வைச் சரிசெய்துகொள்வதைப் போல, குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் பிள்ளையின் வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் சிறிது சுருங்கி உடலை நடுக்கோட்டுக்கு மீட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பிள்ளை யோசித்துச் செய்யும் வேலையாக இல்லாததால் சலிப்பும் வருவதில்லை. அதனால்தான் மெத்தையில் ஐந்து நிமிடம் பயிற்சி செய்ய அழும் பிள்ளைகளும் குதிரைமேல் இருபது நிமிடம் விருப்பத்தோடு உழைக்கின்றன.

விறைப்பு மிகுந்த கால்களுக்கு வேறொரு நன்மையும் உண்டு. கால்பரப்பி உட்காரும்போது இடுப்பு மூட்டுகள் மடங்கி, விலகி, சற்று வெளிப்புறமாகத் திரும்புகின்றன. கால்களைப் பின்னவைக்கும் தொடையின் உட்புறத் தசைகளை இந்த நிலை மெல்ல நீட்டுகிறது. குதிரையின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ், நம்முடையதைவிடச் சற்று அதிகம். சேணத்துக்குப் பதிலாக மெல்லிய விரிப்பொன்றை இட்டு உட்காரவைக்கும்போது அந்தச் சூடு தொடையில் நேராகப் படுகிறது. நுவரெலியாவின் குளிர் காலையில் விறைப்பு எவ்வளவு கூடுகிறதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூடும் சீரான அசைவும் சேரும்போது அது தளர்வதைக் கையால் தொட்டே உணரலாம்.

பலன் கால்பரப்பி உட்காருவதால் வருகிறதா, குதிரையின் அசைவால் வருகிறதா என்பது நியாயமான சந்தேகம். 2003இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று இதையே சோதித்தது. விறைப்பு வகைப் பெருமூளை வாதமுள்ள 15 பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 8 நிமிடங்கள் நடக்கும் குதிரைமேலும், மற்றவர்களை அதே 8 நிமிடங்கள் அசையாத பீப்பாயொன்றின்மேலும் கால்பரப்பி உட்காரவைத்து, தசைகளின் மின்செயற்பாட்டை முன்னும் பின்னும் பதிவு செய்தார்கள். இடது வலது தசைகள் சமமாக வேலை செய்யும் தன்மை குதிரைமேல் இருந்தவர்களிடம் கூடியது; பீப்பாய்மேல் இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. பிள்ளைகளின் தொகை மிகக் குறைவுதான். என்றாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்த ஆய்வு என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

இனி, சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். குதிரையை முன்னால் நின்று நடத்துபவர் ஒருவர். அவர் பார்வை முழுவதும் குதிரையின்மேல். பிள்ளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நடந்து வருவார்கள். அவர்கள் பார்வை முழுவதும் பிள்ளையின்மேல். தொடையின் குறுக்கே கைவைத்துத் தாங்கத் தெரிந்தவர்களாகவும், தேவையேற்பட்டால் ஒரே கணத்தில் பிள்ளையைக் கீழே இறக்கத் தெரிந்தவர்களாகவும் அவர்கள் இருக்க வேண்டும். இயன்மருத்துவர் பிள்ளையின் இடுப்பை, தலையை, முதுகின் வளைவைக் கவனித்து, குதிரை எப்படி நடக்க வேண்டுமென்று நடத்துபவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். ஆக ஒரு பிள்ளைக்கு நால்வர். பிள்ளையை நிலத்திலிருந்து தூக்கி ஏற்றுவது கிடையாது; சக்கர நாற்காலியும் ஏறக்கூடிய சாய்தளமொன்றிலிருந்து, குதிரையின் முதுகுமட்டத்தில் நின்றுகொண்டு மெதுவாக உட்காரவைப்பார்கள். தலைக்கவசம் கட்டாயம்.

நடையை மாற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. நின்ற குதிரை புறப்படும்போது பிள்ளையின் உடல் பின்னே சாயப் பார்க்கும். வயிற்றுத் தசைகள் பிடித்து நிறுத்த வேண்டும். நடக்கும் குதிரை நிற்கும்போது உடல் முன்னே விழப் பார்க்கும். முதுகுத் தசைகள் வேலை செய்ய வேண்டும். ஆகவே பத்தடி நடந்து நிறுத்துவது, மீண்டும் புறப்படுவது என்பதே ஒரு முழுப் பயிற்சி. வட்டமாக நடத்தினால் பாரம் வட்டத்தின் வெளிப்பக்கத்துக்குப் போகும். இடப்பக்கம் எப்போதும் சரியும் பிள்ளைக்கு எந்தப் பக்கமாக வட்டமிட வேண்டுமென்பதை இயன்மருத்துவர் தீர்மானிப்பார். அடியின் நீளத்தைக் கூட்டினால் அசைவு பெரிதாகும், குறைத்தால் சிறிதாகும். சிறிய ஏற்ற இறக்கங்கள் பின்னால் வரும் பாடம். மலைநாட்டில் சரிவுக்குக் குறைவில்லை, ஆனால் தொடக்கத்தில் வேண்டியது சமதரை. சில பிள்ளைகளைக் குதிரையின் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து, அதன் பின்முதுகில் உள்ளங்கைகளை ஊன்றச் செய்வார்கள். தோளும் கையும் உறுதிப்படுவதற்கு அது நல்ல நிலை. பக்கவாட்டில் உட்காரவைப்பதும் உண்டு. இவற்றில் எதுவும் பிள்ளை குதிரையை ஓட்டக் கற்றுக்கொள்வதற்காகச் செய்யப்படுவதில்லை. கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையைச் செலுத்தக் கற்பிக்கும் பயிற்சி வேறு. அதைச் சவாரிப் பயிற்றுநர்கள் நடத்துகிறார்கள். தன்னம்பிக்கைக்கும் தோழமைக்கும் அது மிகவும் உதவும். மருத்துவ நோக்கம் அதில் இரண்டாம் இடம்தான்.

இந்தத் துறைக்கு உலகின் கவனத்தைத் திருப்பியவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல். 1944இல், கருவுற்றிருந்த காலத்தில், அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. முழங்காலுக்குக் கீழே செயலிழப்பு நிலைத்துவிட்டது. குதிரையில் ஏறவும் இறங்கவும் மற்றவர் உதவி வேண்டியிருந்த அந்தப் பெண், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் பயிற்சிப் போட்டியில் (டிரெஸ்ஸாஜ்) ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வெள்ளி வென்றார். அதன் பிறகு ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரி நிலையங்கள் பெருகின. பிரித்தானியாவில் இதற்கான தேசியச் சங்கம் 1969இல் உருவாயிற்று. 1996 முதல் பராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் இடம்பெறுகிறது. ஆனால் ஹார்ட்டலின் கதையைக் காட்டிக் குதிரை கால்களின் செயலிழப்பைக் குணமாக்கும் என்று சொல்வது தவறு. அவர் நோய்க்கு முன்பே தேர்ந்த சவாரிக்காரர். குதிரை அவருடைய கால்களை மீட்டுத் தரவில்லை, எஞ்சியிருந்த பலத்தை முழுமையாகப் பயன்படுத்த உதவியது.

பெருமூளை வாதத்தில் ஆய்வுகள் சொல்வது என்ன? தென்கொரியாவில் 4 முதல் 10 வயதுவரையான 92 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடங்கள், 8 வாரங்கள் குதிரை நடைச் சிகிச்சை பெற்றவர்களின் பெருந்தசை இயக்கமும் சமநிலையும் மற்றக் குழுவைவிட நன்றாக முன்னேறின. மாறாக, அவுஸ்திரேலியாவில் 99 பிள்ளைகளைச் சேர்த்து 2009இல் வெளியான ஆய்வில், 10 வாரச் சவாரிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, அளவும் நோக்கமும் முக்கியம் என்பதே: மருத்துவ நோக்கோடு, நெருக்கமான இடைவெளியில் செய்யப்பட்ட சிகிச்சை பலன் தருகிறது, பொதுவான சவாரிப் பயிற்சியிடமிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது. மொத்தத்தில், உடம்பின் நடுப்பகுதியின் கட்டுப்பாடு, உட்காரும் சமநிலை, தொடைத் தசைகளின் இடவலச் சமம் ஆகியவற்றுக்குச் சான்றுகள் சற்று வலுவானவை. நடக்கத் தொடங்குவதற்கான சான்று வலுவற்றது. ஆட்டிசமுள்ள பிள்ளைகளிடம் எரிச்சலும் அமைதியின்மையும் குறைவதாகக் காட்டும் ஆய்வுகளும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயுள்ள பெரியவர்களின் சமநிலை பற்றிய ஆய்வுகளும் உண்டு. உங்கள் கேள்விக்கு அவை நேராகத் தேவைப்படாததால் விட்டுவிடுகிறேன்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு வயதில் கையூன்றாமல் உட்கார முடியாத பிள்ளை குதிரைச் சிகிச்சையால் தனியே நடந்துவிடுவான் என்ற நம்பிக்கையை எவரும் உங்களுக்குத் தரக்கூடாது. தந்து பணம் கேட்பவர் இருந்தால் அவரை நம்ப வேண்டாம். ஆனால் கையூன்றாமல் உட்காருவதைச் சின்ன விடயமாக நினைத்துவிடாதீர்கள். உட்காருவதற்காக ஊன்றியிருக்கும் கைகள் விடுபட்டால்தான் அவன் சோற்றைத் தானே பிசைந்து உண்ண முடியும், பென்சில் பிடிக்க முடியும், பாடசாலையில் மேசைக்கு முன் இருக்க முடியும், கழிப்பறை இருக்கையில் ஒருவர் பிடிக்காமல் இருக்க முடியும். உங்கள் முதுகுக்கும் அதனால் எவ்வளவோ ஆறுதல். இந்த இலக்குக்காக உழைப்பது முழுக்க முழுக்க நியாயமானது.

இனி ஆபத்துகள். மற்ற எல்லாவற்றையும்விட இடுப்பு மூட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்குத் தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியிலிருந்து படிப்படியாக விலகுகிறது. நடக்காத பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். தொடையின் உட்புறத் தசைகளின் இடைவிடாத இழுப்பு இதில் பெரும் பங்கு வகிக்கிறது. தொடக்கத்தில் வலி இராது. வெளியிலிருந்து பார்த்தும் தெரியாது. உருண்டையின் 30 சதவீதத்துக்கு மேல் குழிக்கு வெளியே இருந்தால் எலும்பியல் வைத்திய நிபுணரின் கண்காணிப்பு அவசியம். அப்படி விலகியுள்ள மூட்டோடு ஒரு பிள்ளையை அகன்ற முதுகுடைய குதிரைமேல் கால்பரப்பி உட்காரவைத்தால், நன்மை செய்ய வேண்டிய அதே நிலை மூட்டைச் சேதப்படுத்தும். இடுப்பின் எக்ஸ்கதிர்ப் படம் இல்லாமல் குதிரைப் பேச்சே வேண்டாமென்று நான் சொல்வது இதனால்தான். டயபரோ துணியோ மாற்றும்போது ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக விரிகிறதா, ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கலாம். குதிரையின் அசைவு அங்கே முண்ணாணுக்கு (தண்டுவடத்துக்கு) ஆபத்தாகும், ஆகவே கழுத்துப் பரிசோதனை முதலில் வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு, கடுமையான முதுகெலும்பு வளைவு, நிற்காததால் மெலிந்துபோன எலும்புகள், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை ஆகியவை இருந்தாலும் குதிரை கூடாது. மரமேறி விழுந்தோ மண்சரிவில் சிக்கியோ முண்ணாண் காயமடைந்த பெரியவர்களுக்கு உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப் புண் இருந்தால் அது ஆறும்வரை ஏற்றக்கூடாது. குதிரை மயிரும் வைக்கோல் தூசியும் இழுப்பு நோயை (ஆஸ்துமாவை) தூண்டலாம். குதிரை நிற்கும் மண்ணில் ஏர்ப்புவலிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கும். நம் நாட்டில் 5 வயதில் போடப்படும் தடுப்பூசியை உங்கள் மகன் பெற்றுவிட்டானா என்று சுகாதார அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரகரி வாவிப் பக்கத்துக் குதிரைக்காரர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் தம் குதிரையின் காதசைவைக்கூடப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தச் சவாரி சொந்தமாக உட்காரக்கூடியவர்களுக்கு அமைந்தது. கெட்டியான சேணத்தில், தாங்க இருவரின்றி, முன்னால் ஒருவர் மட்டும் கயிறு பிடித்து நடத்த, சுற்றுலாப் பயணிகளும் வாகனங்களும் நிறைந்த இடத்தில், மழை பெய்து வழுக்கும் தரையில் அது நடக்கிறது. குதிரை ஒரு ஹோர்ன் சத்தத்துக்குத் திடுக்கிட்டு அரையடி விலகினால், சாதாரணப் பிள்ளை இறுகப் பிடித்துக்கொள்வான். உங்கள் மகனின் கை அந்த நேரத்துக்குள் இறுகாது. பயமும் விறைப்பைக் கூட்டும்: மனம் பதறும்போது கால்கள் இன்னும் இறுகப் பின்னும், உடல் பின்னால் வளையும், சிகிச்சையின் நோக்கத்துக்கு நேர்மாறானது நடக்கும். ஆனால் அவனைக் குதிரையிடம் கூட்டிச்செல்வதற்கு நான் தடை சொல்லவில்லை. தந்தையின் மடியில் இருந்தபடி அதன் கழுத்தைத் தடவட்டும், தட்டையாக விரித்த உள்ளங்கையில் புல் வைத்துக் கொடுக்கட்டும். விரித்த விரல்களில் குதிரையின் உதடு படும்போது எழும் சிரிப்புக்கு மருத்துவக் காரணம் எதுவும் தேவையில்லை.

நம் அரச வைத்தியசாலைகளின் புனர்வாழ்வுச் சேவையில் குதிரை இடம்பெறவில்லை. ஆனால் மலைநாட்டில் அதற்கு வேண்டியவை சிதறிக் கிடக்கின்றன என்பதை நான் நீண்டகாலமாக நினைத்து வருகிறேன். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. 1875இல் அமைக்கப்பட்ட அந்தச் சமதரை, சித்திரைப் பருவகாலம் தவிர்ந்த நாட்களில் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கிறது. குதிரை உண்டு, குதிரையோடு வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமும், இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்கும் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இவற்றை இணைக்க ஒருவர் முன்வர வேண்டும்.

அப்படி முன்வருபவர் குதிரையைத் தேர்வதில் அவசரப்படக்கூடாது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை இலவசமாகக் கிடைக்கிறதென்று அதையே எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் வேகத்துக்கென வளர்க்கப்பட்ட இனம் சட்டென்று மிரளும், அதை மறுபயிற்றுவிக்க நீண்ட பொறுமை வேண்டும். வேண்டியது நடுவயதுள்ள, அமைதியான, நொண்டாத, இடவலம் ஒரே அளவாக அடிவைக்கும் குதிரை. குதிரையின் நடை கோணினால் அந்தக் கோணல் பிள்ளையின் இடுப்புக்குள் போகும். முதுகு மிக அகலமாக இருந்தால் விறைத்த தொடைகள் தாங்கா. ஆகவே இறுக்கமான பிள்ளைகளுக்கு ஒடுங்கிய முதுகுள்ள மட்டக்குதிரை நல்லது. சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக்கூடாதென்பது பொதுவான எல்லை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த புல் வேண்டும். தென்மேல் பருவமழை மாதங்களில் அதை உலர்வாகச் சேமிப்பதே ஒரு வேலை. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், மழைக்கு ஒரு கூரையும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

இதையெல்லாம்விடக் கடினமானது குடும்பங்களை வரச்செய்வது. மேற்பிரிவு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கி, பேருந்து பிடித்து, இரண்டு மணிநேரம் பயணம் செய்து வரும் தாய் அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) இழக்கிறார். பிள்ளை களைத்து, பசித்து வந்து சேர்கிறது. களைத்த உடலில் சிகிச்சை வேலை செய்யாது. ஆகவே மாதம் ஒருமுறை என்று ஆண்டு முழுவதும் இழுப்பதைவிட, பயணமும் உணவும் இழந்த சம்பளமும் ஈடுசெய்யப்பட்டு, வாரம் இருமுறை வீதம் 8 முதல் 12 வாரங்கள் தொடர்ந்து நடத்தி, பிறகு சில மாதம் விட்டு அளந்து பார்ப்பதே நியாயமான வழி என்று கருதுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அந்த உரிமை தோட்டத்துப் பிள்ளையையும் எட்ட வேண்டுமானால் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது குறைவன்று. உங்கள் மகனை இரண்டு கைகளாலும் முன்னால் ஏந்தி, கால்கள் சேர்ந்து தொங்கத் தூக்குவதைத் தவிருங்கள். நம் தாய்மார் கைக்குழந்தையை வைப்பதைப்போலவே இடுப்பின் ஒரு பக்கத்தில், கால்கள் விரிந்து உங்கள் உடலைச் சுற்றியிருக்கும்படி வையுங்கள். பாரம் அதிகமாகிவிட்டால் தந்தை முதுகில் அதே போலச் சுமக்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி வைக்க வேண்டும். தொடை விரியவே மறுத்தால் வலிந்து விரிக்க வேண்டாம். அது இயன்மருத்துவருக்குக் காட்ட வேண்டிய செய்தி.

அடுத்தது உருளை. பழைய துணிகளையும் கம்பளியையும் இறுகச் சுருட்டி, அரிசிச் சாக்கொன்றில் திணித்து, இரு முனைகளையும் தைத்துவிடுங்கள். அதன்மேல் மகன் கால்பரப்பி உட்காரும்போது பாதங்கள் இரண்டும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். உருளையின் உயரத்தை அதற்கேற்ப அமையுங்கள். பெரியவர் ஒருவர் அவன் பின்னால் அதே உருளையில் உட்கார்ந்து, அக்குளைப் பிடிக்காமல் இடுப்பெலும்பை இரு பக்கமும் பிடித்து, உருளையை மெதுவாக இடம் வலமாக அசைக்கட்டும். அவனைச் சரியவிட்டு, அவனாகவே நிமிரும்வரை ஓரிரு நொடி பொறுத்திருங்கள். அந்த ஓரிரு நொடியில்தான் பயிற்சி இருக்கிறது. உடனே நிமிர்த்திவிட்டால் அவன் உடலுக்கு வேலையில்லை. முன்னால் அக்காவோ அம்மாயியோ உட்கார்ந்து ஒரு பொருளைச் சற்று எட்டாத தூரத்தில் நீட்டினால் கைகள் தாமாகவே ஊன்றுவதை விட்டு எழும். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் போதும். குளிர்ந்த அறையில் தொடங்காமல், அடுப்பங்கரைச் சூட்டில் உடம்பு சற்று வெதுவெதுப்பான பிறகு தொடங்குங்கள். கால்கள் பின்னத் தொடங்கினால், முகம் சுளித்தால், நிறுத்திவிடுங்கள். குதிரை தரும் மூன்று திசை அசைவை உருளை தராது. ஆனால் தினமும் கிடைக்கும் இருபது நிமிடத்தின் பெறுமதி பெரிது. முதல் முறை இதை இயன்மருத்துவர் முன்னிலையில் செய்து காட்டி, உங்கள் மகனுக்கு ஏற்றதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்கு அடுத்து போகும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள்: இடுப்பின் எக்ஸ்கதிர்ப் படம், தொடை விறைப்புக்கு மருந்தோ ஊசியோ பொருந்துமா என்ற கருத்து, தொடர்ச்சியான புனர்வாழ்வுக்காகத் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பும் கடிதம். மகன் தரையில் உட்கார்ந்திருப்பதையும், நீங்கள் அவனைத் தூக்குவதையும் ஒரு நிமிடக் காணொளியாகக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கின் நெரிசலில் பிள்ளை அழுதால் வைத்தியரால் பார்க்க முடியாததை அது காட்டும். எக்ஸ்கதிர்ப் படத்தின் பிரதியொன்றை உங்களிடமே வைத்திருங்கள். ஆறு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ எடுக்கப்படும் அடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் மூட்டு நிலையாக இருக்கிறதா, விலகிக்கொண்டு போகிறதா என்று தெரியும்.